சனிக்கிழமை கான்வகேஷன், திங்கக்கிழமை காலைல ஆபீஸ்... போறதா வேணாமா?

கடைசிபெஞ்ச்07:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் செய்யற ஆளு, முதல் தடவையா கேள்வி போடறேன், தப்பான பிரிவுல போட்டிருந்தா யாராவது மாத்தி விட்டுடுங்க.

விஷயம் இதான். படிப்பு முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, வேலைக்கும் சேந்தாச்சு, ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட்டை வெச்சே எல்லாம் ஓடிட்டு இருக்கு. இப்பப் போய் யுனிவர்சிட்டிலேர்ந்து மெயில் வருது, அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை பட்டமளிப்பு விழா, வர்றவங்க 10 நாளுக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணணும், வர முடியாதவங்க 'இன் அப்சென்ஷியா'ன்னு டிக் பண்ணிட்டா தபால்ல அனுப்பிடுவோம்னு. நான் இருக்கற இடத்துலேர்ந்து அங்க போக முழுசா ஒரு ராத்திரி ஆகும். வெள்ளிக்கிழமை லீவு கேட்டேன், மேனேஜர் சிரிச்சாரு, அந்த சிரிப்புக்கு என்ன அர்த்தம்னு வேலை பாக்கறவங்களுக்குத் தெரியும். ஸோ வெள்ளி ராத்திரி ஏறி சனி காலைல 7 மணிக்கு இறங்கி நேரா ஹாலுக்குப் போய், ஞாயிறு ராத்திரி திரும்ப ஏறி திங்கள் காலைல பையும் கையுமா ஆபீஸ். விழா 10 மணிக்கு, 8 மணிக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு போட்டிருக்கு.

கிளாஸ்ல 60 பேரு. குரூப்ல கேட்டா 9 பேரு வர்றோம்னு சொன்னாங்க, அதுல ரெண்டு பேரு சொன்னது "பாக்கலாம்டா", அதை நான் வரலைன்னுதான் எடுத்துக்கறேன். அம்மா "உனக்கு வசதி எப்படியோ அப்படி பண்ணு"ன்னாங்க. அப்பா "வேலைதான் முக்கியம், அலையாத"ன்னாரு, ஆனா இந்த வாரத்துல மட்டும் மூணு தடவை போன்ல "தேதி என்னன்னு சொன்ன?"ன்னு கேட்டுட்டாரு.

மேடைல நிக்கப்போறது பத்து செகண்டு. அதுக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் போகணுமான்னு ஒரு பக்கம் தோணுது. போகலைன்னா சர்டிஃபிகேட்ல ஏதும் சிக்கல் வருமா? கவுன் எல்லாம் அவங்களே குடுப்பாங்களா? கெஸ்ட் பாஸ் ரெண்டுதான் தருவாங்களாம், எங்க வீட்ல அக்காவையும் சேத்தா மூணு பேரு, அதுக்கு ஏதாவது வழி இருக்கா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நடைமேடை_2:

தம்பி, முதல்ல பயத்தைப் போக்கிடறேன். பட்டம் வேற, விழா வேற. நிறைய இடத்துல சிண்டிகேட், செனட்னு யுனிவர்சிட்டியோட நிர்வாகக் குழு கூடி உங்க ரிசல்ட்டை ஒத்துக்கிட்ட உடனே நீங்க பட்டதாரிதான், மேடை ஏறறது அதைக் கொண்டாடறதுக்கு. சில யுனிவர்சிட்டில கதை வேற, ஆக்ஸ்ஃபோர்டுல பாஸ் ஆனா மட்டும் பத்தாது, நேர்ல போயோ இன் அப்சென்ஷியாவாவோ ஒரு விழால பட்டம் வழங்கினாதான் கணக்கு. எப்படிப் பாத்தாலும் அந்த டிக் போட்டுட்டா சர்டிஃபிகேட்ல ஒரு எழுத்துகூட மாறாது, வேலைக்கும் மேல படிப்புக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஏதோ ஒண்ணை டிக் பண்ணியே ஆகணும், ரெண்டையும் பண்ணாம விட்டவங்கதான் அப்புறம் ஆபீஸ் ஆபீஸா அலையறாங்க.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். அந்த "காலைல 7 மணிக்கு இறங்கி நேரா ஹாலுக்கு" இருக்கே, அதை இப்பவே கிழிச்சுப் போடுங்க. நான் இதே பிளான் போட்ட ஆளு. எந்த யுனிவர்சிட்டின்னு வேணாம், விழா 10 மணிக்கு, ரிப்போர்ட்டிங் 8 மணி, நானும் அதான் 10 மணிக்கு விழா அதுக்குள்ள போயிடலாம்னு இருந்தேன், வண்டி ஒன்றரை மணி நேரம் லேட், ஓட்டமும் நடையுமா போய் சேந்தப்ப மணி 9.20, கவுன் கவுன்டர் மூடியாச்சு, ஊர்வலத்துக்கு வரிசை நிறுத்தியாச்சு, இனிமே உள்ள விட முடியாதுன்னுட்டாங்க. அப்பா அம்மாவோட மேல கேலரில உக்காந்து என் பேரை வாசிக்காமத் தாண்டிப் போனதைக் கேட்டேன். எனக்கு முந்தின ரோல் நம்பர், எனக்கு அடுத்த ரோல் நம்பர், நடுவுல நான் இல்ல. அம்மா ஒண்ணும் சொல்லல, கைக்குட்டையை மடிச்சு மடிச்சு வெச்சுக்கிட்டே இருந்தாங்க.

அதனால 10 மணிங்கறதை மறந்துடுங்க, 8 மணிதான் உங்க விழா. வியாழன் ராத்திரி கிளம்ப முடியலைன்னா வெள்ளி மதியம் அரை நாளாவது வாங்கப் பாருங்க. மேனேஜர்கிட்ட "கான்வகேஷன்"னு ஒத்தை வார்த்தைல சொல்லாதீங்க, அந்த மெயிலை ஃபார்வர்ட் பண்ணுங்க. என்னோட பட்டமளிப்பு விழான்னு எழுத்துல பாத்தா கல்லு மாதிரி மேனேஜரும் கொஞ்சம் இளகுவாரு.

தூக்கம்தான்சொர்க்கம்:

எல்லாரும் போங்க போங்கன்னு சொல்லப்போறீங்க, நான் மாத்திச் சொல்றேன். நான் போகல. இன் அப்சென்ஷியா. மூணு மாசம் கழிச்சு கெட்டி அட்டை வெச்ச கவர்ல வந்துச்சு, கையெழுத்து போட்டு வாங்கினேன், ஃபைல்ல வெச்சேன், அந்த சனிக்கிழமை மதியம் வரைக்கும் தூங்கினேன். இதுவரைக்கும் யாரும் என்கிட்ட "நீ மேடைல வாங்கினியா தபால்ல வாங்கினியா"ன்னு இன்டர்வியூல கேட்டதில்ல.

கணக்கு போட்டுப் பாருங்க, 1000 பேருக்கு ஆளுக்கு 10 செகண்டுன்னா 10,000 செகண்டு, அதாவது ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல. அதுல உங்களது 10 செகண்டு, மிச்சம் முழுக்க முன்ன பின்ன தெரியாத 999 பேருக்கு கை தட்டணும். அதுக்கு மேல சிறப்பு விருந்தினர் உரை. வாழ்க்கைல ஒரே தடவை வர்ற நாளு, அப்புறம் வருத்தப்படுவன்னு பயம் காட்டறவங்க பேச்சைக் கேக்காதீங்க. நாலு வருஷம் படிச்ச இடத்தைப் பிடிக்காதவங்களும் இருக்காங்க, எனக்குப் பிடிக்கல, அவ்ளோதான். உங்களுக்குப் போகணும்னு இருந்தா போங்க, இல்லைன்னா குத்த உணர்ச்சி எல்லாம் வேணாம்.

ஈரக்குடை:

தூக்கம் அண்ணா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா கேள்வி கேட்டவர் எழுதினதை மறுபடி படிச்சுப் பாருங்க. அப்பா மூணு தடவை தேதி கேட்டிருக்காரு. "அலையாத"ன்னு சொல்ற மனுஷன் தேதியை ஏன் மூணு தடவை கேக்கணும்? அவரு காலண்டர்ல ஏற்கனவே வட்டம் போட்டிருப்பாரு. ப்ரோ, நீங்க போகலாமா வேணாமான்னு இங்க கேட்டுட்டு இருக்கீங்க, அவரு எந்தச் சட்டை போடறதுன்னு யோசிச்சுட்டு இருப்பாரு.

சரி, கவுன் விஷயத்துக்கு வர்றேன், இதுல நான் அடிபட்டவ. நிறைய இடத்துல வாடகைக்குத் தர்றாங்க, டெபாசிட் கட்டி வாங்கணும், அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள திருப்பித் தரணும், ரசீதைத் தொலைச்சா டெபாசிட் போச்சு. ஆன்லைன்ல உயரமும் தலை சுத்தளவும் கேப்பாங்க, டேப் வெச்சு அளந்து போடுங்க, குத்துமதிப்பா போட்டா தொப்பி காதுல வந்து உக்காரும். தொப்பியோட மட்டப் பலகை தரைக்கு இணையா இருக்கணும், ஒரு முனை நெத்திக்கு நேரா முன்னாடி வரணும், பின்பக்கமா சாச்சு வெச்சா ஃபோட்டோல எல்லாருக்கும் ஒளிவட்டம் வந்த மாதிரி இருக்கும்.

ஹூடுதான் பெரிய தலைவலி. முதுகுல தொங்கற அந்தத் துணியோட கனம் முழுக்க பின்னாடி இருக்கறதால முன்பக்கம் தொண்டையை இறுக்கிட்டே வரும். அதுக்குன்னே முன்னாடி ஒரு சின்ன கயிறு வளையம் வெச்சிருப்பாங்க, அதை சட்டை பட்டன்ல மாட்டணும். பட்டன் இல்லாத டிரெஸ் போடறவங்க, புடவை கட்டறவங்க எல்லாம் ஊக்கு எடுத்துட்டுப் போயே ஆகணும். நான் புடவைல போனேன், ஊக்கு இல்ல, மேடை ஏறற வரைக்கும் ஒரு கையால தொண்டைகிட்ட இழுத்துப் பிடிச்சுட்டே நின்னேன், ஃபோட்டோல என்னவோ பெரிய சத்தியப் பிரமாணம் எடுக்கற மாதிரி இருக்கு. 10 ஊக்கு எடுத்துட்டுப் போங்க, உங்களுக்கு ரெண்டு, மிச்சம் எட்டும் பக்கத்துல நிக்கறவங்க கேப்பாங்க.

இன்னொண்ணு, புது ஷூ போட்டுட்டுப் போகாதீங்க. மேடைப் படி, கம்பளம், அதுக்கு மேல கால்வரைக்கும் கவுன்.

பழையகுப்பை:

கவுன்னு பேச்சு வந்ததால கொஞ்சம் சைடுல போறேன், மன்னிச்சுக்கோங்க. இந்த அங்கி எல்லாம் ஐரோப்பாவோட இடைக்கால யுனிவர்சிட்டிலேர்ந்து வந்தது. அப்ப படிச்சவங்க, பாடம் நடத்தினவங்கள்ல நிறைய பேரு தேவாலயத்தைச் சேந்தவங்க, குளிருக்கு அடக்கமா நீள அங்கியும் தலையை மூட ஹூடும் போட்டுட்டு இருந்தாங்க. குளிர் காலத்து உடுப்பு, அதைத்தான் வேர்த்து ஊத்தற இடத்துலயும் நாம பாலியெஸ்டர்ல மாட்டிட்டு நிக்கறோம். அமெரிக்கால 1895-ல இதுக்குன்னு ஒரு பொது விதிமுறையே எழுதினாங்க, இளங்கலைக்கு கூர்மையான கை, டாக்டர் பட்டத்துக்கு மணி மாதிரி விரிஞ்ச கையும் அதுல மூணு வெல்வெட் பட்டையும்னு. கையைப் பாத்தே ஆளு என்ன படிச்சிருக்காருன்னு சொல்லிடலாம்.

தொப்பியை மேல தூக்கிப் போடற பழக்கத்துக்கு எல்லாரும் சொல்ற ஆரம்பம் 1912, அமெரிக்க கடற்படை அகாடமி, அனாபொலிஸ். அதுக்கு முன்னாடி படிச்சு முடிச்சவங்க ரெண்டு வருஷம் கப்பல்ல வேலை பாத்த பிறகுதான் அதிகாரி ஆவாங்க, அதுவரைக்கும் பழைய தொப்பி வேணும். அந்த வருஷம் அன்னிக்கே அதிகாரி ஆக்கிட்டாங்க, புதுத் தொப்பி கைக்கு வந்துடுச்சு, பழசைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க. அவங்க எறிஞ்சது வேண்டாத தொப்பி, நீங்க எறியப்போறது டெபாசிட் கட்டின தொப்பி. இங்கிலாந்துல ஈஸ்ட் ஆங்லியா யுனிவர்சிட்டில 2016-ல, தொப்பி திரும்ப தலைல விழுந்து அடிபடுதுன்னு எறிய வேணாம்னுட்டாங்க, எறியற மாதிரி கையை மட்டும் தூக்குங்க, தொப்பியை அப்புறம் ஃபோட்டோல சேத்துக்கலாம்னு ஒரு யோசனை வேற.

கேம்பிரிட்ஜ்ல இன்னும் வேடிக்கை. காலேஜ் சார்பா கூட்டிட்டுப் போறவரோட கை விரலை ஆளுக்கு ஒண்ணா நாலு பேரு பிடிச்சுட்டு முன்னாடி வருவாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா முட்டி போட்டு பட்டம் வாங்கணும். ஃபின்லாந்துல டாக்டர் பட்டத்துக்கு தொப்பியோட வாள் மாதிரி நீளக் கத்தியும் உண்டு, முதல் நாளே அந்தக் கத்தியைத் தீட்டறதுக்குன்னு தனியா ஒரு சடங்கு. உங்களுக்கு வெறும் ஊக்கோட முடியுது, சந்தோஷப்படுங்க.

தூக்கம்தான்சொர்க்கம்:

கத்தி குடுத்தா நானும் போயிருப்பேன்.

அட்டைஎடுப்பவன்:

நான் மேடைக்குப் பின்னாடி இருந்த ஆளு. வாலண்டியரா ரெண்டு விழால பேரு வாசிக்கறவருக்குப் பக்கத்துல நின்னு அட்டை எடுத்துக் குடுக்கற வேலை. அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்ததைச் சொல்றேன்.

பேரெல்லாம் அட்டைல வரிசையா அடுக்கி வெச்சிருப்போம். நீங்க உக்கார்ற சீட்டும் அதே வரிசை. ஃபிரெண்டு பக்கத்துல உக்காரணும்னு ரெண்டு பேரு சீட்டு மாத்திக்கிட்டா, உங்க பேருக்கு அவன் போவான், அவன் பேருக்கு நீங்க போவீங்க, நடுவுல இருக்கற அத்தனை பேரும் குழம்பிப் போவாங்க. ஒரு தடவை 11 பேரு தொடர்ச்சியா அடுத்தவங்க பேருல பட்டம் வாங்கினாங்க, கீழ இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியல, எங்களுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டுச்சு.

உங்க பேரை எப்படி உச்சரிக்கணும்னு ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல ஒரு இடம் இருந்தா சத்தியமா அதை நிரப்புங்க. சில இடத்துல ஆடியோவாவே பதிவு பண்ணச் சொல்றாங்க. நிரப்பாம விட்டுட்டு அப்புறம் "என் பேரைக் கொலை பண்ணிட்டாங்க"ன்னு சொன்னா நாங்க என்ன பண்றது, வாசிக்கறவருக்கு அன்னிக்கு 700 பேரு, ழ எங்க வருது ல எங்க வருதுன்னு இங்கிலீஷ் எழுத்தைப் பாத்து கண்டுபிடிக்கணும்.

மேடைல இடது கையால ஃபோல்டர், வலது கையால கை குலுக்கல், கேமராவைப் பாருங்க, ஃபோல்டரைப் பாக்காதீங்க. பாதி பேரு கீழ குனிஞ்ச மாதிரி ஃபோட்டோ விழறது அதனாலதான். அந்த ஃபோல்டர்ல பெரும்பாலும் சர்டிஃபிகேட் இருக்காது, வெறும் அட்டையோ இல்ல "அசலை இந்த கவுன்டர்ல வாங்கிக்கவும்"னு ஒரு தாளோ இருக்கும். ஏமாந்துடாதீங்க.

கடைசியா ஒண்ணு, இதுக்காகத்தான் எழுதவே வந்தேன். கவுன்டர்ல அசல் கைக்கு வந்ததும் ஃபோட்டோ எடுக்க ஓடாதீங்க. அங்கயே நின்னு பேரு, இனிஷியல், படிப்பு, பாஸ் ஆன வருஷம், கிளாஸ் எல்லாத்தையும் எழுத்து எழுத்தா படிங்க, மார்க்‌ஷீட்டோட ஒப்பிடுங்க. தப்பு இருந்தா அன்னிக்கே எழுதிக் குடுக்கறது ஒரு பக்கம், அப்புறம் தபால்ல போராடறது வேற பக்கம். அப்புறம் லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க, பின்னாடி வெளிநாட்டுக்காக இது அசல்தான்னு அரசாங்க முத்திரை வாங்க, அதான் அட்டெஸ்டேஷன், அப்போஸ்டில்னு போறப்ப பிளாஸ்டிக் மேல சீல் அடிக்க முடியாது, நிறைய இடத்துல கைல வாங்கவே மாட்டாங்க.

கெஸ்ட் பாஸுக்கு: வர்றேன்னு ரிஜிஸ்டர் பண்ணிட்டு தனியா வர்றவங்க எப்பவும் இருப்பாங்க. குரூப்ல கேளுங்க, பாஸ்ல பேரு அச்சடிக்கலைன்னா மாத்திக்கலாம். பேரு இருந்தா முன்கூட்டியே ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்க, வாசல்ல வந்து கெஞ்சினா செக்யூரிட்டியால ஒண்ணும் பண்ண முடியாது.

கடைசிபெஞ்ச்07:

எல்லாருக்கும் நன்றி. ஈரக்குடை அக்கா சொன்ன சட்டை விஷயத்தைப் படிச்சுட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். அப்பா சட்டை ஏற்கனவே அயர்ன் பண்ணி வெச்சாச்சாம். ரிஜிஸ்டர் பண்ணிட்டேன். மெயிலை மேனேஜருக்கு ஃபார்வர்ட் பண்ணேன், வெள்ளிக்கிழமை அரை நாள் குடுத்துட்டாரு, கூடவே "என்னுதுக்கு நான் போகல"ன்னு ஒரு வரி. போய்ட்டு வந்து எழுதறேன்.

கடைசிபெஞ்ச்07:

போய்ட்டு வந்தாச்சு. நேத்து காலைல பையோடதான் ஆபீஸ் போனேன், நாள் முழுக்க யாரு என்ன சொன்னாங்கன்னே தெரியல.

வெள்ளி ராத்திரி 11 மணிக்கே போய் சேந்துட்டேன். குரூப்ல "பாக்கலாம்டா"ன்னு சொன்ன ரெண்டு பேரும் வந்திருந்தானுங்க, கட்டாயம் வர்றேன்னு சொன்னவன்தான் வரல. அவன்கிட்டேர்ந்து கெஸ்ட் பாஸ் தேறிடுச்சு, பேரு அச்சடிக்கல, அதனால அக்காவும் உள்ள வந்துட்டா. ஊக்கு 10 எடுத்துட்டுப் போனேன், 8.15-க்கு ஒண்ணுகூட மிச்சம் இல்ல, எனக்கே ஒண்ணுதான் வெச்சுக்கிட்டேன், இன்னொண்ணு வரிசைல முன்னாடி நின்ன முகம் தெரியாத ஒருத்தர் தோள்ல போயிடுச்சு.

பத்து செகண்டுன்னு எழுதினேன்ல, அது தப்பு. வீடியோல எண்ணிப் பாத்தேன், ஏழு. பேரை சரியா வாசிச்சாங்க, ஃபார்ம்ல உச்சரிப்பு எழுதிக் குடுத்தது வீண் போகல. அப்பா கேலரில எழுந்து நின்னுட்டாராம், பின்னாடி இருந்தவங்க உக்காரச் சொல்லியும் உக்காரலையாம், அக்காதான் சொன்னா, எனக்கு மேடைலேர்ந்து லைட் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. அக்கா எடுத்த வீடியோவும் பாதி அப்பா முதுகுதான்.

அட்டைஎடுப்பவன் அண்ணா, உங்களுக்கு தனியா ஒரு கும்பிடு. கவுன்டர்ல வாங்கினதும் எல்லாரும் ஃபோட்டோவுக்கு இழுத்தாங்க, நான் அங்கயே நின்னு படிச்சேன். இனிஷியல் முன்னாடி வர வேண்டியது பேருக்குப் பின்னாடி வந்திருக்கு, அதுவும் வேற எழுத்து. காட்டினேன், மார்க்‌ஷீட் நகல் கேட்டாங்க, பைல இருந்துச்சு, எழுதி வாங்கிட்டு சர்டிஃபிகேட்டையும் திரும்ப வாங்கி வெச்சுக்கிட்டாங்க. சரி பண்ணி தபால்ல வருமாம், ரெண்டு மாசம் ஆகுமாம்.

ஆக ஒரு ராத்திரி தூக்கம் போய், போனப்ப எப்படி வெறுங்கையோட போனேனோ அப்படியே திரும்பி வந்திருக்கேன், சர்டிஃபிகேட் கடைசில தபால்லதான் வரப்போகுது. தூக்கம் அண்ணா, சிரிக்காதீங்க. அந்த காலி ஃபோல்டரை மட்டும் அப்பா வாங்கிட்டுப் போயிட்டாரு, வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டிட்டு இருக்காராம், திறந்து காட்டறதில்லையாம்.

தூக்கம்தான்சொர்க்கம்:

சிரிக்கல. கொஞ்சமா சிரிச்சேன். தபால் வர்றப்ப வீட்ல ஆளு இருக்கற மாதிரி பாத்துக்கோங்க, என்னுது ரெண்டு தடவை திரும்பிப் போச்சு.